விற்ற வண்டியின் சாவி

முதல் லாரி கலவையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. பாதித் தளம் ஈரமாகப் பளபளத்தது. மீதிப் பாதி கட்டிய கம்பியோடு காத்துக் கிடந்தது. இரண்டாவது லாரி வந்து ஊற்றிவிட்டால், வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் மட்டம் இழுத்து முடித்துவிடலாம். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரை அணைத்துவிட்டு நான் சிகரெட்டுக்குச் சட்டைப் பையில் கையை விட்டபோது, என் ஆள் மெலிஸ் வாசல் பக்கமிருந்து ஓடிவந்தான்.

"தாலாய் அண்ணே, லாரி வந்துருச்சு. ஆனா உள்ள வராது."

"ஏன், டயர் வெடிச்சிருச்சா?"

"வாசல்ல ஒரு ஜீப்பு நிக்குது. குறுக்கால. எரும படுத்த மாதிரி."

சிகரெட்டை மறந்து ஓடினேன்.

நடுநகரின் பழைய கட்டடங்களில் முற்றத்துக்குள் போக ஒரே வழிதான்: கட்டடத்தைக் குடைந்து விட்ட வளைவு வாசல். லாரி நுழையும் அளவுக்கு அகலம் இருந்தது. அந்த அகலத்தைக் கறுப்பு ஜீப் ஒன்று முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. முன்பக்கம் தெருவோர வாய்க்கால் மேல், பின்பக்கம் நடைபாதை மேல். மனிதன் வயிற்றை எக்கினால் ஒரு ஓரமாக நுழையலாம். தள்ளுவண்டி நுழையாது.

அதற்கு அப்பால் தெருவில் கலவை லாரி டிரம்மைச் சுற்றிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் ஸ்லாவா கதவைத் திறந்து படியில் உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரனை அலறவிட்டன.

எனக்குப் புரியவில்லை. காலையில் வாசலின் இரண்டு பக்கமும் பழைய டயரைப் போட்டு, நடுவில் ஒரு வாளியையும் கவிழ்த்து வைத்திருந்தேன். நடுநகரில் இடம் பிடிப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். கடைக்காரன் உடைந்த நாற்காலியைப் போடுவான், நாங்கள் டயரைப் போடுவோம். டயர் கிடக்கிற இடத்தில் யாரும் வண்டியை விட மாட்டார்கள்.

"டயர யாரு எடுத்தது?" என்று கத்தினேன்.

"நான்தான் எடுத்தேன். கத்தாத" என்று பதில் வந்தது.

சாய்கல் அக்கா. அந்தத் தெருவில் வண்டி நிறுத்துமிடத்தைக் கவனிப்பவள். மஞ்சள் சட்டை, கழுத்தில் விசில், வெயிலில் கருத்த முகம். எங்கள் டயர்கள் இரண்டும் மரத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவள் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ரோட்டுல டயர், நாற்காலி, கல்லு எதுவும் போடக் கூடாதுன்னு புதுசா சொல்லியிருக்காங்க தம்பி. இன்னைக்கு அதிகாரிங்க சுத்திப் பாக்க வர்றாங்க. உன் டயர் கெடந்தா என் வேலை போயிரும்."

"சரி, எடுத்தீங்க. அந்த எடத்துல நீங்களாவது நின்னிருக்கலாமில்ல?"

"நான் என்ன டயரா?"

மெலிஸ் சிரித்துவிட்டான். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

எனக்கு அங்கே சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. வருடக்கணக்கில் நாங்கள் மாஸ்கோவில் வேறொருவன் மேஸ்திரியாக இருக்க, அவனுக்குக் கீழே குழி வெட்டியவர்கள். பனியில் கம்பி கட்டி விரல் வெடித்தவர்கள். ஊருக்குத் திரும்பி, நான் மேஸ்திரியாகி, எங்கள் பெயரில் எடுத்த முதல் வேலை இந்தத் தளம். மருந்துக்கடைக்காரர் துர்சுன் தன் கடைக்குப் பின்னால் கிடங்கு கட்டுகிறார். வேலையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "தளம் ஒழுங்கா வந்தா மேல ரெண்டு மாடியும் உங்களுக்கே. நடுவுல ஒரு கோடு தெரிஞ்சாலும் வேற ஆளப் பாத்துக்குவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பாதியில் நின்ற கான்கிரீட்டின் ஓரம் இறுகிவிட்டால், அதன்மேல் புதியதை ஊற்றினாலும் பிடிக்காது. பார்வைக்குச் சேர்ந்திருக்கும், உள்ளே சேர்ந்திருக்காது. குளிர்காலத்தில் அந்தக் கோட்டில் தண்ணீர் இறங்கி உறையும், தளம் இரண்டாகும். அப்படி ஆனால் உடைத்து அள்ளிக் கொட்டிவிட்டு, என் ஆட்கள் மறுபடி மாஸ்கோவுக்குச் சீட்டு எடுக்க வேண்டியதுதான். நானும்தான்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று ஸ்லாவாவைக் கேட்டேன்.

"வர்ற வழியிலயே ரெண்டு எடத்துல நெரிசல். வெயில் வேற" என்றான் அவன். "பிளான்ட்டுல திருப்பி வாங்க மாட்டாங்க தாலாய். ஊருக்கு வெளிய எங்கயாவது கொட்டணும். அதுக்குள்ள டிரம்முக்குள்ள கல்லாயிருச்சுன்னா சுத்தியலத் தூக்கிட்டு உள்ள எறங்கப் போறது நான். கொஞ்சம் தண்ணி விட்டுப் பாக்கவா?"

"தண்ணி விட்டா ஊத்துறதுக்கு நல்லாருக்கும், நிக்காது. விடாத."

ஜீப்பின் முன்கண்ணாடிக்கு உள்ளே, மூலையில், தொலைபேசி எண் பதித்த சின்னப் பலகை இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இடமில்லாத ஊரில் எவனும் எவனையாவது மறித்துத்தான் வண்டியை விட முடியும். மறிக்கிறவன் தன் எண்ணை வைத்துவிட்டுப் போவான். மறிக்கப்பட்டவன் கூப்பிடுவான், இவன் ஓடிவந்து எடுப்பான். கொஞ்சம் திட்டு விழும், அதோடு சரி. சாய்கல் அக்கா கையில் வைத்திருக்கும் விதிகளில் இது கிடையாது. ஆனால் தெரு ஓடுவது இதனால்தான்.

கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு ஒரு கரகரத்த குரல் எடுத்தது.

"யாரு?"

"அண்ணே, வணக்கம். உங்க வண்டி எங்க வாசல மறிச்சு நிக்குது. கொஞ்சம் வந்து..."

"என்கிட்ட வண்டி கெடையாது!"

"கறுப்பு ஜீப்புண்ணே. நம்பர் வச்சிருக்கீங்க."

"வித்தாச்சுய்யா! போன வருஷமே வித்தாச்சு! வாங்கினவன் அந்தப் பலகையக் கழட்டல. நேத்து தியேட்டர்கிட்ட மறிச்சுட்டேன்னு ஒருத்தன் திட்டுறான். அதுக்கு முந்துன நாள் ஆஸ்பத்திரிகிட்ட மறிச்சுட்டேன்னு ஒருத்தி அழுவுறா. ஒத்தக் காலோட வீட்டுல உக்காந்துகிட்டே நான் ஊரையெல்லாம் மறிச்சுகிட்டு இருக்கேன்! வைய்யா ஃபோன!"

அவரே வைத்துவிட்டார்.

சாய்கல் அக்கா எழுந்து வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தாள். டயரை எடுத்த உறுத்தல் அவள் முகத்தில் தெரிந்தது.

"இரு, இழுத்துட்டுப் போற வண்டியக் கூப்புடுறேன்" என்றாள்.

கூப்பிட்டாள். பேசப் பேச அவள் குரல் ஏறியது. முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாசல்ல நிறுத்தக் கூடாதுன்னு பலகை இருக்கான்னு கேக்குறான். இல்லன்னேன். பலகை இல்லாத எடத்துல போலீஸ் வந்து எழுதிக் குடுத்தாத்தான் தொடுவானாம். போலீஸக் கேட்டா, எங்கயோ பெரிய விபத்து, எல்லாரும் அங்க இருக்காங்க, ஆள் வந்ததும் அனுப்புறோங்குறான்."

"எப்ப வரும் ஆளு?"

"வந்ததும் வரும்."

"கண்ணாடிய ஒடச்சுரலாமாண்ணே?" என்றான் மெலிஸ். கையில் கடப்பாறை வைத்திருந்தான். "ஒடச்சு, ஹாண்ட் பிரேக்க எறக்கி, எட்டுப் பேரு தள்ளுனா போயிரும்."

"கியர்ல நிக்குது. ஸ்டியரிங் பூட்டியிருக்கு. தள்ளுனா வாய்க்கால்லதான் எறங்கும். அப்புறம் வாசலும் போச்சு, வண்டியும் போச்சு, நாமளும் உள்ள போகணும்."

"தூக்கிரலாம்."

"உன் கல்யாணத்துக்கு வாங்குன அலமாரியவே தூக்க முடியாம நீ பாதிப் படியில உக்காந்த ஆளு. இத எங்கடா தூக்குவ?"

இருந்தும் எல்லோரும் ஒருமுறை பின்பக்கம் கையைக் கொடுத்துப் பார்த்தோம். ஜீப் அசைய மறுத்தது. ஆனால் கூவத் தொடங்கியது. திருட்டு எச்சரிக்கை மணி தெரு முழுக்க அலறியது. அதைக் கேட்டாவது சொந்தக்காரன் வருவான் என்று நாலாபுறமும் பார்த்தோம். ஒருத்தரும் வரவில்லை. ஜன்னல்களில் தலைகள் மட்டும் தெரிந்தன.

"வாளியக் கொண்டாங்கடா" என்றேன்.

வேறு வழியில்லை. ஸ்லாவா லாரியில் கலவை வழியும் தகரவாயைத் தாழ்த்தி வாளியில் விட, ஜீப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒருவன் பக்கவாட்டில் நின்று வாங்க, அங்கிருந்து முற்றம் வரை கைமாற்றினோம். லாரியை இப்படிக் காலி செய்ய நாள் முழுக்கப் போதாது என்று எல்லோருக்கும் தெரியும். மீதித் தளத்தை நிரப்ப நான் நினைக்கவில்லை. ஊற்றிய பாதியின் ஓரத்தை மட்டும் சாகவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரம் நெடுக்கப் புதுக் கலவையைப் போட்டுக் குத்திக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கலாம்.

நான் வரிசையிலிருந்து விலகி மறுபடி அந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. கூப்பிட வேறு எண் இல்லை, அவ்வளவுதான்.

"மறுபடி நீயா?"

"அண்ணே, வச்சிராதீங்க. வண்டி உங்களுது இல்லன்னு தெரியும். வாங்குனவங்க நம்பர் இருந்தாக் குடுங்க போதும். கான்கிரீட் லாரி வெளிய நிக்குது, உள்ள விட முடியல."

வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"டிரம் சுத்துதா?" என்று கேட்டார்.

"சுத்துது."

"பாதி ஊத்திட்டியா?"

"பாதி ஊத்தியாச்சு. ஓரத்துக்கு வாளியில போட்டுட்டு இருக்கோம்."

நல்ல கெட்டவார்த்தை ஒன்றைச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை, நிலைமையைச் சொன்னார்.

"இத முதல்லயே சொல்றதுக்கென்னய்யா? வாசல மறிச்சிருக்கு, வாசல மறிச்சிருக்குன்னா நான் என்னத்தக் கண்டேன்? கான்கிரீட் பேனல் தொழிற்சாலையில கலவை போட்டே கெழவனானவன் நான். வாங்குனவன் நம்பர் என்கிட்ட இல்ல. நான் வித்தது சந்தையில ஒரு தரகனுக்கு. அவன் யாருக்குக் கைமாத்துனானோ. ஆனா சாவி இருக்கு."

"என்ன சாவிண்ணே?"

"வண்டிச் சாவி. ரெண்டாவது. வித்தப்புறம் சோபாவுக்கடியில கெடந்துச்சு. யாருகிட்டக் குடுக்கறதுன்னு தெரியாம ஆணியில தொங்குது."

எனக்கு நம்பிக்கை வந்தது. அதே சமயம் பயமும் வந்தது.

"அடுத்தவங்க வண்டியத் தொறந்தா, நாளைக்கு திருட்டுன்னு..."

"காகிதத்துல அது இன்னும் என் வண்டிதான்! ஒருத்தனும் பேர் மாத்தல. அவனுங்க வேகமாப் போனா அபராதச் சீட்டு என் வீட்டுக்கு வருது. இத்தன நாளா அதுக்குத் திட்டிகிட்டு இருந்தேன். இன்னைக்கு ஒரு நாளாவது உபயோகப்படட்டும். எங்க இருக்க?"

தெருவைச் சொன்னேன்.

"டாக்சி பிடிச்சு வர்றேன். பேரு ஷேர்காசி. ஓரத்த விட்றாத."

அந்தக் காத்திருப்பைப் போல நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. வாளி வந்துகொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. மருந்துக்கடை வாசலில் வரிசையில் நின்ற ஒரு ஆள், சட்டையைக் கழற்றி மருந்துப் பையோடு ஜன்னலில் வைத்துவிட்டு, எங்கள் வரிசையில் நுழைந்துகொண்டான். பேர்கூடக் கேட்கவில்லை. சற்று நேரத்தில் பார்த்தால் சாய்கல் அக்காவும் மஞ்சள் சட்டையோடு ஒரு வாளியை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சுத்திப் பாக்குறவங்க வந்தா?" என்றேன்.

"வந்தா அவங்க கையிலயும் ஒரு வாளியக் குடு."

டாக்சி வந்து நின்றது. முதலில் ஒரு கைத்தடி இறங்கியது, பிறகு ஒரு செயற்கைக் கால், பிறகு அகலமான உடம்போடு ஷேர்காசி அண்ணன். பெரிய மீசை. வீட்டு உடையிலேயே வந்திருந்தார்; சட்டையின் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. ஜீப்பைப் பார்த்தார்.

"எந்தக் கழுத இவ்வளவு சுத்தமா அடைச்சு வச்சது? குடிச்சிட்டு நிறுத்துனாக்கூட ஒரு பக்கம் கொஞ்சம் சந்து இருக்குமே."

சாவியை என் கையில் வைத்தார். "நீ ஓட்டு. எனக்கு மிதிக்கிற கால் வீட்டுல இல்ல, ஆஸ்பத்திரியோட போச்சு. சர்க்கரை. நான் பக்கத்துல உக்காந்துக்குறேன். எவனாவது கேட்டா என் வண்டி, நான் டிரைவர் வச்சிருக்கேன்."

கதவு திறந்தது. திருட்டு மணி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. என் உடம்பு முழுக்கச் சிமெண்ட். இருக்கையில் உட்காரத் தயங்கினேன்.

"உக்காருய்யா. என் வண்டியில நான் சிமெண்ட் மூட்டையே ஏத்தியிருக்கேன்."

வண்டியைக் கிளப்பினேன். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது: எடுத்து எங்கே விடுவது? தெருவின் இரண்டு பக்கமும் இடைவெளியில்லாமல் வண்டிகள். வணிக வளாகத்துக்கு அடியில் இடம் உண்டு, ஆனால் அதற்குப் போக ஒருவழிப் பாதையில் சுற்றிவர வேண்டும். லாரி நடுத்தெருவில் நிற்கையில் அந்த நெரிசலில் நான் மாட்டினால் எப்போது திரும்புவேன்? எதிரே ஒரே ஒரு இடம் காலி. சக்கர நாற்காலிப் படம் வரைந்த இடம்.

"அங்க கூடாது!" சாய்கல் அக்கா விசிலை ஊதினாள். "எத வேணா விடுவேன், அத விட மாட்டேன். அது மாற்றுத்திறனாளிகளுக்கு. அட்டை வேணும், ஆளும் கூட இருக்கணும். இன்னைக்குப் பாத்து வர்றாங்க, தம்பி!"

ஷேர்காசி அண்ணன் ஜன்னலை இறக்கினார். கால்சட்டையை முழங்காலுக்குத் தூக்கி, கைத்தடியால் செயற்கைக் காலை டொக் டொக்கென்று தட்டினார்.

"ஆளு இருக்கு. அட்டையும் இருக்கு. இந்தா, பாத்துக்க. வண்டியும் என் பேருல. இந்தக் காலுக்குப் பதிலா ஊர் எனக்குக் குடுத்த நெலம்மா இது. ஒரு வண்டி அகலம். வண்டியத்தான் வித்துட்டேன், அதனால இன்னைக்கு வரைக்கும் வந்து பாக்க முடியல."

சாய்கல் அக்கா அட்டையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பிறகு அந்த இடத்தில் நின்ற பிளாஸ்டிக் கூம்பைத் தன் கையால் எடுத்து ஓரமாக வைத்து, இரண்டு கையாலும் வழிகாட்டினாள், விமானத்தை இறக்குகிற மாதிரி.

"நீங்க எறங்கிப் போயிரக் கூடாதுண்ணே" என்றாள். "ஆளு இல்லன்னா அபராதம்."

"எங்கம்மா போகப் போறேன்? ஓடியா போவேன்?"

நான் இறங்கி ஓடினேன். ஸ்லாவா ஏற்கெனவே பின்கியரில் வளைவுக்குள் நுழைந்துகொண்டிருந்தான். முற்றத்துக்குள் போய், முதலில் ஒரு கம்பியை எடுத்து ஊற்றிய பாதியின் ஓரத்தில் குத்தினேன். இறங்கியது. கெட்டியாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது. இழுத்ததும் துளை மெதுவாகத் தன்னை மூடிக்கொண்டது.

"உசுரோட இருக்குடா! ஊத்துங்க!"

கலவை சரிந்து வந்தது. மெலிஸ் வைப்ரேட்டரைச் சேரும் இடத்தில் இறக்கி, பழையதும் புதியதும் ஒன்றாகக் கலங்கும் வரை நடுங்க விட்டான். இரண்டு பேர் மட்டப்பலகையைப் பிடித்து இழுத்தார்கள். மருந்து வாங்க வந்தவன் இன்னும் போகவில்லை. முழங்கால் வரை சேறாகி மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்தான். நான் பின்னால் மேற்பரப்பைத் தேய்க்கும் மணியாசுக் கட்டையோடு தவழ்ந்தேன். ஸ்லாவா கடைசிக் கலவையைச் சுரண்டி விட்டுவிட்டு டிரம்முக்குள் தண்ணீரை அடித்தபோது, அவன் முகத்திலும் ஒரு சிரிப்பு. அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

முக்கால்வாசி தேய்த்து முடித்த பிறகுதான் எனக்கு ஷேர்காசி அண்ணன் ஞாபகம் வந்தது. வெயில் தகித்தது. எங்களுக்காக வந்த மனிதர், தளத்தின் ஒரு மூலையைக்கூடப் பார்க்காமல், விற்றுவிட்ட வண்டிக்குள் வெந்துகொண்டிருந்தார். வெளியே ஓடினேன்.

மேற்பார்வை அதிகாரிகள் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜீப்பைப் படம் எடுத்தார்களாம், அட்டையைக் கேட்டார்களாம். அண்ணன் அவர்களையே நிறுத்தி, வாசல்களுக்கு ஏன் பலகை வைக்கவில்லை என்று ஒரு பிடி பிடித்தாராம்.

"பாவம், தப்பிச்சோம்னு ஓடிட்டாங்க" என்றாள் சாய்கல் அக்கா.

வண்டிக்கு வெளியே ஒரு இளம்பெண் நின்றிருந்தாள். ஒரு கன்னம் உப்பி வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. அவள் கத்த முயன்றுகொண்டிருந்தாள். பாதி உதடு மரத்துப் போயிருந்ததால் சொல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பக்கத்துச் சந்தில் பல் வைத்தியரிடம் போனவள். வெளியே வந்து பார்த்தால் வாசலில் வண்டியைக் காணோம், தெருவுக்கு எதிரே அதில் ஒரு கிழவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என் வண்தி! யாரு நீங்க? எதங்குங்க!"

"வாம்மா, வா" என்றார் ஷேர்காசி அண்ணன் ரொம்ப மரியாதையாக. "நீதானா அது? ஒரு வருஷமா உன்னப் பாக்கணும்னு ஆசப்பட்டுகிட்டு இருக்கேன். நீ வாங்க வேண்டிய திட்டெல்லாம் நான் வாங்கி வச்சிருக்கேன். இப்பக் கொண்டு போறியா, இல்ல வீட்டுக்கு அனுப்பவா?"

விஷயம் அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பேர் ஜில்திஸ். ராத்திரி முழுக்கப் பல்வலியில் தூங்கவில்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, ஒரு இடம் காலியாகத் தெரிந்ததும் திணித்துவிட்டாள். எண் பலகையைப் பற்றி அவள் நினைத்ததே இல்லை; வண்டியோடு வந்த பொருள்களில் அதுவும் ஒன்று என்று விட்டிருக்கிறாள். நான் அங்கே வரும்போது அவளுக்கென்று நாலு வார்த்தை வைத்திருந்தேன். அந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்ததும் அவை எங்கே போயின என்று தெரியவில்லை. பல்வலிக்காரியை யார் திட்டுவார்கள்?

"மன்னிச்சுக்குங்க" என்றாள். என்னிடமும் சொன்னாள், அண்ணனிடமும் சொன்னாள், சாய்கல் அக்காவிடமும் சொன்னாள். "நாளைக்கே பேர் மாத்திக்கதேன்."

"பல்லு ஆறட்டும், அப்புறம் மாத்து" என்றார் அவர். சாவியை நான் அவர் கையில் கொடுத்தேன்; அவர் அவள் கையில் வைத்தார். "ரெண்டாவது சாவி. இது இல்லாம உனக்கு வித்தவன் தரகனில்ல, கொள்ளக்காரன்."

அவர் இறங்கக் கை கொடுத்தேன். வளைவு வழியாக மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். முற்றத்தில் என் ஆட்கள் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லாமலே எழுந்தார்கள். அவர் தளத்தை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தார். நான் பேச நினைத்தேன். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது: மாஸ்கோவில் சாரம் சரிந்து மெலிஸ் விழுந்த அன்று, எத்தனையோ எண்களைக் கூப்பிட்டும் ஒருத்தரும் வராததையும், நாங்களே அவனைக் கதவுப் பலகையில் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சொல்ல நினைத்தேன். எண்ணைக் கூப்பிட்டால் ஆள் வருவான் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

"அண்ணே, ரொம்ப நன்றிண்ணே" என்று மட்டும்தான் சொன்னேன். அதையே இன்னொரு முறையும் சொன்னேன்.

"சாப்பாடு போடுவீங்களா, நன்றி மட்டுந்தானா?"

மெலிஸ் ஓடிப்போய்ச் சூடாக லக்மான் என்ற கறி நூடுல்ஸும் ரொட்டியும் வாங்கி வந்தான். தார்ப்பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். சாய்கல் அக்கா, ஸ்லாவா, மருந்து வாங்க வந்து சட்டையை இன்னும் போட்டுக்கொள்ளாத அந்த ஆள், ஓரமாக ஜில்திஸ், எல்லோரும். அவளால் மெல்ல முடியாது. சாற்றை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தோம். ஷேர்காசி அண்ணன் சர்க்கரை நோய்க்காரர், நூடுல்ஸைத் தள்ளிவிட்டுக் கறியை மட்டும் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு உள்ளங்கையையும் வேண்டுதலுக்கு விரித்தார். சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்த கைகளை நாங்களும் விரித்தோம்.

"இந்தத் தளம் நிக்கட்டும். இதுமேல கட்டுறது நிக்கட்டும். கட்டுறவனுங்க ஊர்லயே இருக்கட்டும்" என்றார். எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டோம்.

ஜில்திஸ் அவரைத் தன் வண்டியிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தவர், "கண்ணாடியப் பாத்து ஓட்டும்மா, எனக்குத்தான் அபராதம் வரும்" என்று சொன்னது வாசல் வரை கேட்டது.

மறுநாள் காலையில் தளத்தின்மேல் போர்த்தியிருந்த பாலிதீனை விலக்கினோம். தண்ணீர் ஊற்றியிருந்த தளம் சாம்பல் நிறத்தில், தட்டினால் கணீரென்று கிடந்தது. நானும் மெலிஸும் சேர்ந்த கோடு எங்கே என்று குனிந்து குனிந்து பார்த்தோம். முழங்காலிட்டு விரலால் தடவிப் பார்த்தோம். துர்சுன் கடையைத் திறந்துவிட்டு, மேலங்கியோடு அங்கே வந்து நின்றார். அவரும் நடந்து பார்த்தார், ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு.

"நேத்து பெரிய ரகளையாமே. பாதியில நின்னுபோச்சாமே" என்றார். "மொதல் லாரி எதுவரைக்கும்? எந்த எடத்துல சேத்தீங்க?"

நான் மெலிஸைப் பார்த்தேன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து தேடத் தொடங்கினார்.